களஞ்சியமும் கணக்கறையும்

ஜொகூர் மாநிலத்தில் உலு திராம் போன்ற ஊர்களைச் சூழ்ந்திருந்த பால்மரத் தோட்டங்களில் ஒரே கணக்கு பல ஏடுகளில் எழுதப்பெற்றது. விடியலில் பெரட்டுக் களத்தில் பெயர்கள் பதியப்பெறும். பால் நிறுத்தபின் அளவு குறிக்கப்பெறும். கிராணியார் அவற்றைச் செக்ரோலில் ஏற்றுவார். மாத முடிவில் அதன் தொகையே கூலியாகும். ஓரேட்டிலிருந்து மற்றோரேட்டிற்குப் பெயர்த்தெழுதும்போது ஒரு வரி விடுபட்டால், ஒரு தொழிலாளியின் ஒருநாள் உழைப்பு மறைந்துபோகும். ஆகவே, கணக்கைப் பெயர்த்தெழுதுதல் சிறு செயலன்று. கணினி உலகில் இச்செயல் அடைந்த வளர்ச்சியும் அத்தகையதே.

கணினியில் செய்திகளை வைத்தாளும் முறைகளுள் இரண்டு இங்கு நோக்கத்தக்கன. ஒன்று பகுப்பாய்வுத் தரவுத்தளம். அதனைக் கணக்கறை எனலாம். 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் செய்திகளை அட்டவணைகளாக அமைக்கும் கொள்கையை வெளியிட்டார். 1979-இல் பெருங்கணக்குகளை ஆராய்வதற்கென டெராடேட்டா நிறுவனம் தோன்றியது. 2005-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் பிறரும் சி-ஸ்டோர் என்னும் அமைப்பை விளக்கினர். அது செய்திகளை வரிசை வரிசையாக வைக்காமல் பத்தி பத்தியாக வைத்தது. கூலிப் பத்தியை மட்டும் கூட்டவேண்டின், ஏடு முழுவதையும் புரட்ட வேண்டுவதில்லை.

மற்றொன்று பரவல் கோப்பு முறைமை. அது களஞ்சியம் போன்றது. 2003-இல் கூகுள் நிறுவனத்தைச் சார்ந்த சஞ்சய் கெமாவத், ஹோவார்ட் கோபியாஃப், ஷுன்-டாக் லியுங் ஆகிய மூவரும் அதன் அமைப்பை ஒரு கட்டுரையில் விளக்கினர். அதனைப் பின்பற்றி, 2006-இல் ஹதூப் பிறந்தது. அதனை ஆக்கியோருள் ஒருவரான டக் கட்டிங், தம் மகனுடைய பொம்மை யானையின் பெயரையே அதற்குச் சூட்டினார். இம்முறையில் பெருங்கோப்பு துண்டுகளாக்கப்பெறும். துண்டின் பொது அளவு முதலில் 64 மெகாபைட்டாக இருந்து, பின்னர் 128 ஆயிற்று. ஒவ்வொரு துண்டுக்கும் பொதுவாக மூன்று படிகள் வெவ்வேறு கணினிகளில் வைக்கப்பெறும். ஒன்று பழுதாயினும் செய்தி அழியாது.

கணக்கறை விரைவானது, ஆயின் செலவு மிக்கது. களஞ்சியம் பரந்தது, ஆயின் அங்குத் தேடுதல் மெல்ல நிகழும். எனவே, இரண்டிற்கும் பாலம் வேண்டியதாயிற்று. 2009-இல் ஸ்கூப் என்னும் கருவி தோன்றியது. அது அட்டவணையின் முதன்மை எண்களுள் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கண்டு, இடைப்பட்டவற்றைப் பொதுவாக நான்கு கூறுகளாக்கி, ஒரே நேரத்தில் களஞ்சியத்திற்குக் கொண்டுசென்றது. திரும்பிவரும் வழியோ இடர்மிக்கது. நான்கு கூறுகளுள் ஒன்று இடையில் நின்றுவிட்டால், மற்ற மூன்றும் கணக்கறையில் பதிந்துவிட்டிருக்கும். அரைகுறைக் கணக்கு முழுக்கணக்கைப்போல் தோன்றும். இதனைத் தவிர்க்க, முதலில் ஓர் இடைத்தங்கல் அட்டவணையில் எல்லாவற்றையும் இறக்கி, முழுமையானபின் உரிய இடத்திற்கு மாற்றும் வழி வகுக்கப்பெற்றது. ஸ்கூப் 2021-இல் ஓய்வு பெற்றது. எனினும், அது கண்ட இடர்கள் ஓய்வு பெறவில்லை.

அவ்விடர்கள் மலேசியத் தமிழரைத் தனியே தொடுவனவாம். அடையாள அட்டை எண் 12 இலக்கம் கொண்டது. அதன் முதலில் நிற்பவை பிறந்த ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்கள். 2005-இல் பிறந்த பிள்ளையின் எண் 05 எனத் தொடங்கும். பெயர்க்கும்போது அப்பத்தியை எண் எனக் கருதினால், முன்னிற்கும் சுழியம் உதிரும். 11 இலக்கமே எஞ்சும். தந்தை பெயருக்குமுன் வரும் ஏ/எல், ஏ/பி என்பவற்றில் சாய்கோடு உண்டு. கோப்பு முறைமையில் அக்கோடே அடைவுகளைப் பிரிக்கும் குறி. பெயரைக் கோப்பின் தலைப்பாக்கினால், மகன் பெயர் அடைவாகவும் தந்தை பெயர் அதனுள் கோப்பாகவும் பிரிந்து நிற்கும்.

தமிழெழுத்திற்கும் இடர் உண்டு. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழ் இடம்பெற்றது. ஆயினும், வேறு குறியீட்டு முறைகளும் நெடுங்காலம் வழங்கின. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் இரு முறைகள் வந்தன. ஒரு முறையில் எழுதியதை மற்றொரு முறையில் படித்தால், பெயர் பொருளற்ற குறிகளாகும். இன்று பெருவழக்கான யூ.டி.எஃப்-8 முறையில் முத்துக்கருப்பன் என்னும் ஒன்பதெழுத்துப் பெயர் 48 பைட்டுகள் கொள்ளும். 30 பைட்டே இடமுள்ள பத்தியில் அது பாதியில் அறுபடும்.

களஞ்சியம் தன்னைக் காக்கப் பொதுவாக ஒவ்வொரு 512 பைட்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. அது வந்த செய்தி கெடாமல் காக்கும்; ஆனால் தவறாகவே வந்து சேர்ந்ததைத் தவறென்று சொல்லாது. சுழியம் உதிர்ந்த எண்ணையும், அறுபட்ட பெயரையும் அது மூன்று படிகளாகப் போற்றிவைக்கும்.

ஆகவே, பெயர்த்தபின் இரு பக்கத்து வரிகளையும் எண்ணுதல், தொகைகளைக் கூட்டி ஒப்பிடுதல், சில பெயர்களையேனும் கண்ணால் படித்தல் ஆகியன இன்றியமையாதன. கணக்கு என்பது எண்களின் கூட்டமாகத் தோன்றினும், ஒவ்வொரு வரியின் பின்னும் ஓர் ஆள் நிற்கின்றார். அவர் பெயர் முழுமையாக மறுகரை சேர்ந்ததா என்று பார்ப்பதே அன்றைய கிராணியாரின் கடமை. இன்றைய கணினியாளரின் கடமையும் அதுவே.