வலது மட்கார்டுக்குள் ஓர் ஆயில் கூலர்

என்ஜின் ஆயில் சூடேறுகிறது என்றதும் வேகக் கார் ஆர்வலர்கள் பலர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: கம்பெனி கஞ்சத்தனம் பண்ணிவிட்டது, வெளியே பெரிய கூலராகப் பார்த்து வாங்கி மாட்டு. இந்தத் தீர்ப்பை உரசிப் பார்க்க போர்ஷே 911-ஐவிட நல்ல கார் கிடையாது. 1964 முதல் 1998 வரை அந்தக் காரின் என்ஜினைக் குளிர்வித்தவை காற்றும் ஆயிலும் மட்டுமே. ரேடியேட்டர் தண்ணீர் என்ற பேச்சே இல்லை. அந்த 34 ஆண்டுகளைக் கவனித்தால் கம்பெனி ஃபிட்டிங்கும் வெளிக் கூலரும் ஒரே வம்சம் என்பது தெரியும். எந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது என்பதில்தான் வேறுபாடு.

முதலில் வந்த 2 லிட்டர் என்ஜினின் திறன் 130 குதிரை. பெல்ட்டில் சுழலும் பெரிய ஃபேன் சிலிண்டர்கள்மேல் காற்றை ஊதும். அதில் ஒரு பங்கு என்ஜினோடு ஒட்டியிருந்த ஆயில் கூலருக்கும் போகும். ஆயில் அடித்தட்டில் தேங்காமல் தனி டாங்கிலிருந்து சுற்றி வரும். மொத்தம் சுமார் 9 லிட்டர். 1969 மாடல் 911 எஸ் 170 குதிரைத்திறனைத் தொட்டபோது இந்த ஏற்பாடு போதவில்லை. முன்பக்க வலது மட்கார்டுக்குள் இரண்டாவது கூலரை வைத்தது யாரோ ஒரு பட்டறைக்காரர் அல்ல, கம்பெனியேதான். பின்னாலுள்ள என்ஜினிலிருந்து அதுவரை, கதவுக்குக் கீழே நீளமாக பைப்புகள் ஓடின. ஜாக்கியை இடம் தவறி வைத்தால் முதலில் நசுங்குவது அவைதான்.

அடுத்து வந்தது டிராம்போன். சாலைக் கார்களுக்கென்று வந்த இந்தக் கூலருக்கு அந்த ஊதுகுழலின் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதன் உருவம்: துடுப்புத் தகடு எதுவும் இல்லாமல், முன்னும் பின்னுமாக மடித்து வளைத்த வெறும் குழாய். சக்கரம் வாரியடிக்கும் சேறு அதில் சிக்காது. வண்டி ஓடினால் குளிரும், நின்றால் குளிராது. அதே காலத்தில், 1973-இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தையும் டார்கா ஃப்ளோரியோவையும் வென்ற கரேரா ஆர்எஸ்ஆரில், முன் பம்பரின் நடுவில் செவ்வகமாக வெட்டி நேர்க்காற்றில் கூலரை நிறுத்தியிருந்தார்கள். பின்னாளில் தனியார் பட்டறைகள் விற்ற மேம்பாடுகளில் பல இந்தப் பந்தய ஏற்பாட்டின் நகல்களே. கம்பெனிக்குத் தெரியாத ரகசியம் எதையும் அவர்கள் கண்டுபிடித்துவிடவில்லை.

அப்படியானால் தெரிந்தும் தராதது கஞ்சத்தனம்தானே என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1970களின் நடுவில் ஃபேனின் 11 இறக்கைகளை 5 ஆகக் குறைத்ததை எந்த வாதத்தாலும் அழகுபடுத்த முடியாது. பிறகு 11-க்கே திரும்பினார்கள். அதே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவுக்குப் போன 2.7 லிட்டர் கார்களில், புகை விதிக்காக மாட்டிய தெர்மல் ரியாக்டர்கள் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலேயே அடுப்பு மூட்டின. மெக்னீசியம் கிராங்க்கேஸ் தாங்கவில்லை. ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் மரை பிய்த்துக்கொண்டு வந்தன. ஆனால் கூலர் வாதம் சறுக்குவதும் இங்கேதான். கூடுதல் கூலர் அந்த நோவைத் தள்ளிப்போடலாம், தீர்க்காது. பிய்ந்த துளைகளில் எஃகு மரை பதித்தபோதும், 1978-இல் 911 எஸ்சி அலுமினிய கிராங்க்கேஸோடு வந்தபோதும்தான் அது தீர்ந்தது. நோய் உலோகத்தில் இருக்கையில் மருந்தை ஆயிலில் தேடியவர்கள் ஏராளம்.

பெரிதாக மாட்டினால் நஷ்டம் என்ன என்பது அடுத்த கேள்வி. நஷ்டம் உண்டு. ஆயில் போதுமான அளவு சூடேறாவிட்டால் எரிப்பில் உண்டாகும் நீராவியும் கசியும் பெட்ரோலும் அதிலேயே தங்கி, அமிலமாகி, பேரிங்கை அரிக்கும். 911-இன் தெர்மோஸ்டாட், ஆயில் ஏறத்தாழ 83 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை முன் கூலருக்கு வழிவிடாததற்கு அதுதான் காரணம். அந்தக் கதவை எடுத்துவிட்டுப் பெரிய கூலரை நேராக இணைத்தவர், பந்தயத் தடத்தில் ஜெயித்துவிட்டுக் குளிர்காலக் காலையில் தோற்கிறார். தினமும் ஆபீஸ் போகிறவருக்கும் ஞாயிறன்று தடத்தில் இருபது சுற்று ஓட்டுகிறவருக்கும் ஒரே கூலரை விற்க வேண்டிய கம்பெனி, நடுவில் ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். தடத்துக்காரர் அந்தக் கோட்டைத் தாண்டுவது நியாயம், தெர்மோஸ்டாட்டையும் கூடவே கூட்டிப்போனால்.

கோடும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கரேரா 3.2-இல் டிராம்போனின் இடத்தைத் துடுப்புள்ள ரேடியேட்டர் வகைக் கூலர் பிடித்தது. நெரிசலில் நிற்கும்போதும் குளிரட்டும் என்று 1987-இல் அதற்கு மின்விசிறியும் வந்தது. பிறகு தண்ணீரோடு வந்த 996 தலைமுறை 911-இல், கிளம்பும்போது ஆயிலுக்குச் சூடு ஏற்றுவதும், விரட்டும்போது அதன் சூட்டை வாங்கிக்கொள்வதும் அதே தண்ணீரின் வேலையாயிற்று.