காணொளிக் கூட்டங்களில் தொலைபேசிவழி இணைதல்

இணையத்தில் நடக்கும் காணொளிக் கூட்டத்தில் சாதாரணத் தொலைபேசி அழைப்பின் மூலம் குரலளவில் கலந்துகொள்ளும் வசதி இது. பேச்சு வழக்கில் டயல்-இன். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும், இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடங்களில் இருப்பவர்களும், திரையைப் பார்க்க இயலாதவர்களும் பெரும்பாலும் இதையே நம்பியிருக்கிறார்கள். கூட்டத்தின் துணை வசதி என்று ஒதுக்கிவிடாமல், அதன் இன்னொரு வாசலாகவே இதைக் கருத வேண்டும்.

தொலைபேசி வலையமைப்பையும் இணையக் கூட்டத்தையும் ஒரு நுழைவாயில் சேவையகம் இணைக்கிறது. திறமூல மென்பொருளான ஜிட்சி மீட்டில் இந்த வேலையை ஜிகாசி செய்கிறது. ஜிட்சியின் மைய சேவையகம் ஒவ்வொருவரின் குரலையும் கலக்காமல் தனித்தனியாக அனுப்பிவைக்கும். தொலைபேசிக்கோ ஒரே ஒலியோடைதான் செல்ல முடியும். ஆகவே ஜிகாசி கூட்டத்துக்குள் தானும் ஒரு பங்கேற்பாளராக நுழைந்து, எல்லாக் குரல்களையும் ஒன்றாகக் கலந்து அழைத்தவருக்குக் கொடுக்கிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கப்பட்ட பிக்புளூபட்டன் என்ற இன்னொரு திறமூலக் கூட்ட மென்பொருளில் ஃப்ரீசுவிட்ச் என்ற மென்பொருள் இதே பணியைப் பார்க்கிறது.

இணைப்பு ஏற்பட்டபின் கூட்ட எண்ணை அழுத்த வேண்டும். விசைப்பலகையின் ஒவ்வொரு விசையும் இரு அதிர்வெண்களைச் சேர்த்து ஒலிக்கிறது. 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 1963இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த முறை இது. குரலை வெகுவாகச் சுருக்கும் இணையக் குறியாக்கங்களில் இந்த ஒலிகள் சிதைந்துவிடும். அப்போது, சரியாக அழுத்தியவருக்கும் ‘எண் தவறு’ என்ற பதிவுக்குரலே கேட்கும். இதைத் தவிர்க்க, விசை அழுத்தத்தை ஒலியாக அன்றித் தனித் தரவாக அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4733 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதை விவரிக்கிறது.

எனினும் பெரிய தடை எண்களின் நீளமே. கணினியில் சேர்பவர் சுட்டியை ஒருமுறை தட்டினால் போதும். தொலைபேசியில் சேர்பவர் நாட்டுக் குறியீட்டுடன் அழைப்பு எண், பிறகு கூட்ட எண், ஹேஷ், சில சேவைகளில் கடவு எண், மீண்டும் ஹேஷ் என்று வரிசையாக அழுத்த வேண்டும். ஜூமில் கூட்ட எண் மட்டுமே 9 முதல் 11 இலக்கம் வரை இருக்கும். பார்வை மங்கியவருக்கும் கைநடுக்கம் உள்ளவருக்கும் இதுவே கதவடைப்பாகிவிடுகிறது. ஜிட்சியில் கூட்டத்தின் பெயர் எழுத்துகளால் ஆனது. அதைத் தொலைபேசியில் அழுத்த வழியில்லை என்பதால், பெயருக்கு நிகரான பின் எண்ணைத் தரும் தனிச் சேவை தேவைப்படுகிறது. பிக்புளூபட்டனின் எண் வழக்கமாக 5 இலக்கம்தான். வரவேற்புச் செய்தியில் அழைப்பு எண்ணுடன் அதையும் தானாகவே காட்டும்படி அமைக்கலாம். சுருங்கிய எண் நினைவில் நிற்கும். ஆனால் அந்நியர் ஊகித்து நுழைவதும் எளிதாகும். தவறான முயற்சிகளுக்கு வரம்பு வைப்பதும், புதியவரைக் காத்திருப்பு அறையில் நிறுத்துவதும், எண்ணை நீட்டிக்கொண்டே போவதைவிட மேலான காப்பு.

அழைப்பிதழில் உள்ள எண்ணை ஒருமுறை தொட்டாலே எல்லாம் நிகழும்படியும் அமைக்க முடியும். தொலைபேசி எண்ணுக்குப் பின் காற்புள்ளிகள் இட்டுக் கூட்ட எண்ணையும் சேர்த்தால், கைபேசி சற்றுப் பொறுத்து அதைத் தானே அழுத்திவிடும். தரைவழித் தொலைபேசிக்கு இது உதவாது. கூட்டமே பங்கேற்பாளரை அழைக்கும் முறையில் அந்தக் குறையில்லை: மணி அடித்ததும் எடுத்து, கேட்டால் ஒரு விசையை அழுத்தினால் போதும். முதியோருக்கு இது மிக எளிய வழி.

உள்ளே நுழைந்தபின் ஜூமில் நட்சத்திரக் குறியும் 6உம் ஒலிவாங்கியை அடைக்கும், திறக்கும். நட்சத்திரக் குறியும் 9உம் கை உயர்த்தும். திரை இல்லாதவருக்கு இவற்றைக் கூட்டம் நடத்துபவர் தொடக்கத்திலேயே வாயால் சொல்ல வேண்டும். பங்கேற்பாளர் பட்டியலில் அழைப்பவரின் எண்ணில் சில இலக்கங்களை மறைப்பதும், பெயரைக் கேட்டு இடுவதும் அவருக்குச் செய்யும் மரியாதை. கணினியிலும் தொலைபேசியிலும் ஒருவரே இணைந்தால் எதிரொலி எழும். ஜூமில் திரையில் தெரியும் பங்கேற்பாளர் எண்ணைத் தொலைபேசியில் அழுத்தினால் இரண்டும் ஒருவராக இணைக்கப்படும்.

செலவு தனிக் கணக்கு. உள்ளூர் எண் இல்லாத நாட்டிலிருந்து அழைப்பவர் பன்னாட்டுக் கட்டணம் செலுத்த நேரிடும். கட்டணமில்லா எண் வைத்தால் அச்சுமை நடத்துபவர் மீது விழும். திறமூல மென்பொருளை இலவசமாக நிறுவியவரும், தொலைபேசி எண்ணை ஒரு சேவை நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியே தீர வேண்டும்.