வெடிப்பைத் தாங்கும் குழலும் குறிதப்பாக் குழலும்: காலனிய இந்தியாவில் வேட்டை ரைஃபிள்களின் தரச்சோதனை

முன்னுரை

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தின் பெயரில் புலியும் இருக்கிறது, வனமும் இருக்கிறது. ஊரைச் சுற்றி இன்று காணப்படுபவை வயல்களும் ஏரிகளுமே. புலி அருகியமைக்குக் காடழிப்பையும் வேட்டையையும் காரணங்களாக ஆய்வாளர் காட்டுவர். வேட்டையாடியோர் யார், கொன்றவை எத்தனை என்பன விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவர்கள் கையிலிருந்த கருவி குறியைத் தாக்கவல்லதா என்ற வினா அரிதாகவே எழுகிறது. குடிமக்களின் துப்பாக்கி குறித்துச் சட்டம் இரண்டையே கேட்டது: குழலளவு என்ன? சுடும்போது குழல் வெடிக்குமா? குறி தப்புமா என்ற மூன்றாம் வினா விற்பவரிடமும் வாங்குபவரிடமும் விடப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

முத்திரை எதற்குச் சான்று?

இந்தியாவுக்கு வந்த வேட்டைத் துப்பாக்கிகளுட் பல பர்மிங்காமிலும் இலண்டனிலும் செய்யப்பட்டவை. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் சட்டத்தின்வழி அமைந்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை மேலும் ஒழுங்குபடுத்தியது. வழக்கமான அளவினும் மிகுந்த அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் பழுதுறாவிடில் முத்திரை குத்துவதே அங்கு நடைபெற்ற சோதனை. அம்முத்திரை குழலின் வலிமைக்குச் சான்று, துல்லியத்திற்குச் சான்றன்று.

படைத்துறை ரைஃபிளின் நிலை வேறு. லீ-என்ஃபீல்டு ரைஃபிள் ஒவ்வொன்றும் 100 அடி தொலைவில் துல்லியத்திற்காகச் சுட்டுப் பார்க்கப்பட்ட பின்னரே ஏற்கப்பட்டது. துல்லியத்தை அளக்கும் முறை அரசிடம் இருந்தது. தன் படைக்கு அது அதைக் கட்டாயமாக்கியது. வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கு அத்தகைய கட்டாயம் இல்லை.

குழலளவும் கலவர அச்சமும்

இந்திய அரசின் கவலை வேறொன்றாக இருந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமுறையை இறுக்கியது. படைத்துறைத் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கையில் சேரும் என்ற அச்சத்தால் .303 ரைஃபிள்கள் குடிமக்களுக்கு மறுக்கப்பட்டன, 1907ஐ ஒட்டி.450 அளவுக்கும் தடை வந்தது. விளைவாக .465, .470 முதலிய புதிய அளவுகளை ஆங்கிலேயத் துப்பாக்கியாளர்கள் உருவாக்கினர். ஆஸ்திரிய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவை அடியொற்றிய .315 அளவும் இந்திய வேட்டையில் இடம்பெற்றது.

அளவுகள் பெருகியது துல்லியத்தோடும் தொடர்புடையது. இரட்டைக்குழல் ரைஃபிளின் இரு குழல்களும் குறிப்பிட்ட தொலைவில் ஒரே இடத்தைத் தாக்குமாறு, கைவினைஞர் சுட்டுச் சுட்டு இணைப்பர். அவ்விணக்கம் குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கே பொருந்தும். வெப்பத்தில் கார்டைட் மருந்தின் அழுத்தம் உயர்வதால் இந்தியாவுக்கெனக் குறைந்த மருந்தளவுத் தோட்டாக்கள் தனியே செய்யப்பட்டன. துப்பாக்கி ஒருவகைத் தோட்டாவுக்கும் கடையில் கிடைத்தது மற்றொரு வகைக்கும் உரியதாயின், இரு குழல்களின் குண்டுகளும் வெவ்வேறிடத்தில் விழும். விலை குறைந்த ஒற்றைக்குழல் தொழிற்சாலை ரைஃபிளுக்கு இச்சிக்கல் இல்லை. ஆனால் மழைக்கால ஈரத்தில் உப்பிய மரக்கட்டை குழலை அழுத்தினால் அதன் குறியும் பிறழும்.

தவறிய குண்டின் விலை

1944இல் வெளியான ‘மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவோன்’ நூலில் ஜிம் கார்பெட் தரும் ஒரு பதிவு இங்குக் கருதத்தக்கது. 1907இல் சம்பாவத் பெண்புலியை எதிர்கொண்ட அவர், தம் தோட்டாக்கள் தீர்ந்ததும் தாசில்தாரின் துப்பாக்கியைப் பெற்றுச் சுடுகிறார். குழலுக்கும் பின்னடைப்புக்கும் இடையே ஏறத்தாழ 3/8 அங்குல இடைவெளி இருந்தது. ஏறத்தாழ 20 அடியில் வாயைக் குறிவைத்த குண்டு வலப்பாதத்தில் பட்டது. தம் கை அசைந்ததோ, அத்தொலைவிலும் நேராகச் சுடும் தகுதி துப்பாக்கிக்கு இல்லையோ என்று அவர் ஐயுறுகிறார். அது ரைஃபிள் அன்று. ஆயினும் அரசு அலுவலரின் துப்பாக்கியே இந்நிலையில் இருந்தது நோக்கத்தக்கது.

அப்புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் முன்பே ஒரு குண்டால் உடைந்திருந்தன. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போனதே அதனை ஆட்கொல்லியாக்கியது என்பது கார்பெட்டின் முடிவு. அதனால் இறந்தோர் 436 பேர் என்கிறார் அவர். கொல்லாது காயப்படுத்திய குண்டுக்கு வேட்டைக்காரர் விலை தரவில்லை. தந்தோர் விறகும் புல்லும் சேர்க்கச் சென்ற மலையூர் மக்கள்.

விடுதலைக்குப் பின்

1904இல் அமைந்த இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 வேட்டை ரைஃபிளையும் செய்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை ஒட்டிய உரிமமுறையும் தடைக்குட்பட்ட, தடைக்குட்படாத குழலளவு என்ற பகுப்பைத் தொடர்ந்தது; .315 இரண்டாவதைச் சார்ந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. குழலளவைக் கொண்டு துப்பாக்கியை வகுக்கும் காலனியப் பார்வையோ வேட்டை ஒழிந்த பின்னும் நிலைத்தது.

முடிவுரை

வேட்டை நூல்களில் தவறிய குண்டு பெரும்பாலும் சுட்டவரின் கைக்குறையாகவோ விலங்கின் சூழ்ச்சியாகவோ சொல்லப்படுகிறது. குழல், தோட்டா, மரக்கட்டை ஆகியவற்றின் பங்கையும் சேர்த்துப் படிக்கும்போதே அப்பதிவுகள் முழுப்பொருள் தரும். கொன்ற விலங்குகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு எழுதப்படும் வேட்டை வரலாறு, காயத்தோடு தப்பிய விலங்கையும் அதன் பின்விளைவைச் சுமந்த மக்களையும் விட்டுவிடுகிறது. மாவட்ட ஆவணங்களிலுள்ள உரிமப் பதிவேடுகளையும் ஆட்கொல்லி விலங்குகளுக்கான பரிசுத்தொகைக் குறிப்புகளையும் இணைத்து ஆராய்வது இத்துறையின் அடுத்த கட்டமாக அமையும்.