பள்ளிச் சொத்தும் பதிவேடும்: இருநூறாண்டுச் சட்ட வரலாறு

ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் தேடுவது, சந்தாதாரர் பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்பதைத்தான். வரவு செலவுக் கணக்கும் தணிக்கையாளர் சான்றும் அச்சான பக்கங்கள் பெரும்பாலும் படிக்கப்படாமலே மூடப்படுகின்றன. ஒரு ஜமாஅத் தன் கணக்கை ஏன் அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும், பள்ளிவாசல் சொத்துக்கு ஏன் இத்தனை பதிவேடுகள் என்று கேட்போரும் உண்டு. அக்கேள்விக்குரிய விடையை வரலாற்றிலிருந்து எடுத்துரைக்க விழைகிறோம்.

கைபரில் கிடைத்த நிலத்தை ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள், விற்கப்படாமலும் அன்பளிப்பாகக் கொடுக்கப்படாமலும் வாரிசுகளுக்குப் போகாமலும் அறத்திற்கென நிறுத்தி வைத்ததை நாம் அறிவோம். 'நிறுத்தி வைத்தல்' என்பதே வக்ஃபு என்ற சொல்லின் பொருள். நிறுத்தி வைத்தவர் மறைந்த பின்னும் அச்சொத்து நின்றுகொண்டே இருக்க வேண்டுமானால் அதைக் காக்க யாரேனும் வேண்டும். நம் நாட்டில் அந்தக் காவல் சில காலம் அரசிடமும், சில காலம் ஊராரிடமும், சில காலம் நீதிமன்றத்திடமும் இருந்து வந்திருக்கிறது.

கும்பினி ஆட்சி 1817இல் பிறப்பித்த மதராஸ் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் விடப்பட்ட மானியங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. சமய நிலையங்களின் நிர்வாகத்தில் அரசு தலையிடலாகாது என்ற குரல் இங்கிலாந்தில் வலுக்கவே, 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தின் வழியே அரசு விலகிக்கொண்டது. பொறுப்பு உள்ளூர்க் கமிட்டிகளிடமும் முத்தவல்லிகளிடமும் வந்தது. நிர்வாகத்தில் முறைகேடு நேர்ந்தால், அந்நிலையத்தில் உரிமையுள்ள எவரும் சிவில் நீதிமன்றம் செல்லலாம் என்று அச்சட்டம் வழி வகுத்தது. சாதாரண ஜமாஅத்தார் ஒருவர் கணக்குக் கேட்கும் உரிமைக்கு இது ஒரு பழைய வேர்.

இதே காலத்தில் நடந்த மற்றொரு வேலையை நாம் மறந்துவிடுகிறோம். 1858இல் மதராஸ் மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. எந்த நிலம் யாருக்கு, எதற்காக மானியமாக விடப்பட்டது என்று ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேடுகள் அப்போது பிறந்தவை. பள்ளிவாசல் பராமரிப்புக்கும் தர்கா செலவுக்கும் விடப்பட்ட நிலங்கள் பல அவற்றில் இடம்பெற்றன. பிற்காலத்தில் 1963ஆம் ஆண்டின் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் அத்தகைய நிலங்களை ரயத்துவாரியாக மாற்றியபோது, பட்டா யாருக்கு என்ற கேள்விக்கு விடை தேட அந்தப் பழைய பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

இனி 1894க்கு வருவோம். வங்காளத்துச் சகோதரர் இருவர் தம் சொத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தம் சந்ததியாருக்கும், சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்கும் என வக்ஃபு செய்திருந்தனர். லண்டன் பிரிவி கவுன்சில் அதைச் செல்லாது என்று தீர்த்தது. ஏழைகளுக்கென்று எழுதப்பட்டது மிகத் தொலைவில், வெறும் பெயரளவில் நிற்கிறது என்பது நீதிபதிகளின் கருத்து. தன் குடும்பத்தாரைப் பேணுவதும் அறமே என்ற நம் ஷரீஅத்தின் கோட்பாடு அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதற்கு முன்பே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சையித் அமீர் அலி இக்கோட்பாட்டை விளக்கி மாற்றுத் தீர்ப்பு எழுதியிருந்தும் பயனில்லாது போயிற்று. நாடெங்கும் பல குடும்ப வக்ஃபுகள் ஒரே நாளில் ஆட்டம் கண்டன. மௌலானா ஷிப்லி நுஃமானி போன்ற ஆலிம்கள் இதற்காகக் குரல் எழுப்பினர். 1911இல் முகம்மது அலி ஜின்னா சட்டசபையில் மசோதா கொண்டுவர, அது 1913இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டமாக நிறைவேறியது. ஆயினும் 1913க்கு முன் எழுதப்பட்ட வக்ஃபுகளுக்கு அது பயன்படாது என்று நீதிமன்றங்கள் கூறிவிட்டதால், 1930இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. ஒரு தீர்ப்பால் நேர்ந்த சேதத்தைச் சீர் செய்ய முப்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

அதே அமீர் அலி பின்னாளில் பிரிவி கவுன்சிலிலேயே நீதிபதியாக அமர்ந்தார். 1921இல் மதராஸ் மாகாணத்திலிருந்து ஓர் இந்து மடத்தின் நிலக் குத்தகை வழக்கு அவர் முன் வந்தது. மடாதிபதியோ முத்தவல்லியோ ஆங்கிலச் சட்டம் கூறும் 'டிரஸ்டி' ஆகமாட்டார், சொத்து அவர் பெயரில் இல்லை, அவர் நிர்வாகி மட்டுமே என்று அவர் தீர்ப்பளித்தார். மடத்து வழக்கில் முத்தவல்லிக்கும் சட்டம் விளக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தீர்ப்பால் ஒரு சிக்கலும் எழுந்தது. டிரஸ்டியிடமிருந்து சொத்தை மீட்பதற்குக் காலவரம்பு இல்லை என்ற பாதுகாப்பு, இவர்கள் டிரஸ்டி அல்லர் என்றதும் அற நிலையங்களுக்குக் கிடைக்காமல் போயிற்று. ஆகவே 1929இல் காலவரம்புச் சட்டம் திருத்தப்பட்டு, இந்து, முஸ்லிம், பௌத்த அறச் சொத்துகளின் நிர்வாகிகளும் அந்த நோக்கத்திற்கு மட்டும் டிரஸ்டிகளாகக் கருதப்பட்டனர்.

கணக்கைப் பற்றிய சட்டம் ஒன்று 1923இல் வந்தது. ஒவ்வொரு முத்தவல்லியும் சொத்து விவரத்தையும் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கையும் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. கணக்கை வாங்கி வைப்பதோடு நீதிமன்றத்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டதால் அச்சட்டத்துக்குப் பல் இல்லை என்றே சொல்லலாம்.

சட்டம் வரும் வரை காத்திராமல் கணக்கு எழுதியவர்கள் நமக்கு அண்டையிலேயே இருந்தனர். விருதுநகர் நாடார் உறவின்முறையார், வியாபாரச் சரக்கின் மீது மகமை வசூலித்தும் வீடுதோறும் பிடி அரிசி சேர்த்தும் பொதுக் காரியங்களை நடத்தினர். 1889இல் தொடங்கப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை அத்தகைய ஊர்ப் பணத்தில் எழுந்தது. காமராசர் பயின்றதும் அங்கேதான். நம் பகுதியின் மகமையைப் போன்றது வடநாட்டு வணிகர்களின் 'தர்மாதா'. அவ்வாறு அறத்திற்கென வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகை வியாபாரியின் வருமானம் ஆகாது என்று பிஜ்லி பருத்தி ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தொகையைத் தனியே எழுதி, அறத்திற்கே செலவிட்டவர்களுக்கு அக்கணக்கே சாட்சியாயிற்று.

விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம், மாநிலந்தோறும் வாரியம், சொத்துகளை அளந்து கணக்கெடுக்க ஆணையர், அரசிதழில் பட்டியல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்து தீர்ப்பாயங்களையும் அமைத்தது. இவையெல்லாம் சொத்தைப் பற்றியவை. சொத்தை ஆளும் மனிதர் குழு சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. முன்பு 1860ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். நம் மாநிலத்தில் 1978 ஏப்ரல் முதல் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். உறுப்பினர் பதிவேடு, ஆண்டுப் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் ஆகியவை அதன்படி வருவன. பள்ளிவாசல் வேறு, அதை நடத்தும் சங்கம் வேறு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர்.

அரசிதழில் வந்துவிட்டால் போதும் என்று எண்ணியிருந்தோருக்குச் சேலத்து மையவாடி வழக்கு ஒரு பாடம். அங்கே ஒரு நிலத்தைப் பழைய அடக்கத்தலம் என்றும், 1959இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட வக்ஃபு என்றும் அதன் பாதுகாப்புக் கமிட்டி வாதாடியது. அந்த இடத்தில் அடக்கம் செய்வது 1867இலேயே சுகாதாரக் காரணத்தால் நிறுத்தப்பட்டு மாற்று இடம் கொடுக்கப்பட்ட விவரம் வழக்கில் வெளிவந்தது. அதற்கு முன் அடக்கம் நடந்து வந்ததற்கோ, யாரேனும் அந்நிலத்தை அர்ப்பணித்ததற்கோ தக்க சான்று இல்லை. சட்டம் கூறும் கணக்கெடுப்பும் விசாரணையும் நடந்ததாகவும் காட்ட முடியவில்லை. அவை இன்றி வெறும் அறிவிப்பு ஒரு நிலத்தை வக்ஃபாக ஆக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் குறை கூறுவதைக் காட்டிலும், நம் கையில் அத்தகைய சான்று என்ன இருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்பது எம் கருத்து.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் இந்தத் தேவையை இன்னும் கூர்மையாக்கியது. எழுத்து மூலமான பத்திரம் இன்றிப் புதிய வக்ஃபு செய்ய இயலாது. நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃபு ஆனவை முன்னரே பதிவாகியிருந்தால் நிலைக்கும். ஆனால் வழக்கில் உள்ளவைக்கும் அரசு நிலம் எனப்படுபவைக்கும் அந்தக் காப்பு இல்லை. ஆக்கிரமிப்பை மீட்கக் காலவரம்பு கிடையாது என்றிருந்த 107ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 1929இல் பெற்றதைப் போன்ற ஒரு காப்பு இவ்வாறு கைநழுவியது. சொத்து விவரங்களை 'உமீத்' இணையத்தளத்தில் ஏற்ற ஆறு மாதத் தவணை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15இல் சில பிரிவுகளை நிறுத்தி வைத்து இடைக்கால உத்தரவிட்டபோதும், பதிவு தொடர்பான பிரிவுகளில் கை வைக்கவில்லை.

ஆகவே, ஆவணம் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. நம் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்திலும், பின் காமராசர் மாவட்டத்திலும் இருந்து 1997 முதல் விருதுநகர் மாவட்டம் எனப்படுகிறது. பழைய பத்திரத்தில் 'திருநெல்வேலி ஜில்லா' என்றிருப்பதைக் கண்டு வேறு ஊர்ப் பத்திரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இனாம் பதிவேடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், நில விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டிலும், பத்திரங்களைச் சார் பதிவாளர் அலுவலகத்திலும் தேடலாம். நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் நாட்டுக்கே அச்சிட்டுத் தரும் சிவகாசி பக்கத்தில் இருக்க, நம்மிடம் ஒரு பதிவேடு இல்லை என்பது அழகன்று. முன்னோர் வீட்டுப் பெட்டிகளில் பள்ளிவாசல், மையவாடி நிலம் பற்றிய பத்திரம், தீர்வை ரசீது, குத்தகைச் சீட்டு, பழைய வசூல் நோட்டு எது கிடைத்தாலும், மூலத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு நகல் ஒன்றை நிர்வாகத்திடம் தந்துதவுமாறு ஜமாஅத்தார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.