எரிமலை ஏரியும் ஆட்டுத்தோல் ஓவியமும்: ஈக்வடாரில் ஒரு பகல் பயணம்

"பாரம்பரியக் கலை" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனதில் ஆயிரம் ஆண்டுப் பழமைதான் வந்து நிற்கும். அப்பன், பாட்டன், முப்பாட்டன் காலத்திலிருந்து மாறாமல் வருவது என்று நினைத்துக்கொள்வோம். இந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும் ஊர் ஒன்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் டிகுவா. ஈக்வடார் நாட்டின் கோட்டோபாக்சி மாகாணத்தில், ஆண்டிஸ் மலையில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள கிச்வா மொழி பேசும் பழங்குடி மக்களின் சிற்றூர்.

தலைநகர் கீட்டோவிலிருந்து வழிகாட்டியுடன் கிளம்பும் ஒருநாள் சுற்றுலாக்களில் டிகுவா ஓவியக்கூடமும் கிலோட்டோவா எரிமலை ஏரியும் சேர்ந்தே இருக்கும். அதிகாலையில் வேன் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். அந்த ஒரு பகலுக்குள் எழுநூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

எரிமலைகளின் சாலை

கீட்டோ நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையின் இருபுறமும் எரிமலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. 1802-ல் இந்தப் பகுதியில் பயணம் செய்து ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். "எரிமலைகளின் சாலை" என்ற பெயர் இன்றுவரை அவரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

இவற்றில் புகழ்பெற்றது கோட்டோபாக்சி. உயரம் 5,897 மீட்டர். உச்சியில் பனி, உள்ளே நெருப்பு! இந்தச் சேர்க்கைதான் ஆபத்தே. 1877 ஜூன் மாதம் இது வெடித்தபோது பனி உருகி, சாம்பலோடும் பாறையோடும் கலந்து சேற்று வெள்ளமாகப் பாய்ந்தது. லட்டகுங்கா நகரம் கடுமையாகச் சேதமடைந்தது. 18-ஆம் நூற்றாண்டிலும் அதே நகரம் பலமுறை அழிந்து மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. 2015-லும் 2022-23-லும் கோட்டோபாக்சி சாம்பலைக் கக்கியது.

லட்டகுங்காவில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் புஹிலி என்ற ஊர் வரும். அதைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து மேலே ஏறும். மரங்கள் குறையும், காற்று குளிரும். மலைச்சரிவெங்கும் பார்லி, உருளைக்கிழங்கு, அவரை வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். சில இடங்களில் பயிரே இல்லாமல் வெளிர் மஞ்சளாகக் காய்ந்த நிலம் தெரியும். எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லாகிப் போன மண் அது. உள்ளூரில் அதைக் "காங்காவா" என்கிறார்கள்.

இவ்வளவு மோசமான சரிவில் ஏன் மக்கள் விவசாயம் செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால்தான் ஓவியத்தின் கதை புரியும்.

வீட்டு வாசலுக்கு விலை உழைப்பு

15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்கா பேரரசு இந்தப் பகுதியைக் கைப்பற்றியது. 1534-ல் ஸ்பானியர்கள் கீட்டோவைத் தங்கள் நகரமாக நிறுவினார்கள். அதன்பின் நல்ல நிலமெல்லாம் பெரும் பண்ணைகளாகியது. ஸ்பானியர்களோடு வந்த ஆடுகள் மலையெங்கும் பெருகின. அவற்றின் கம்பளியை நெய்ய அமைக்கப்பட்ட பட்டறைகளில் பழங்குடி மக்கள் கொத்தடிமைகள் போல வேலை செய்தார்கள்.

பண்ணையில் உழைத்தவர்களுக்குக் கூலி கிடையாது என்றே சொல்லலாம். கூலிக்குப் பதிலாக ஒரு துண்டு நிலம் பயிரிட்டுக்கொள்ளக் கொடுப்பார்கள். அதற்கு "வாசிபுங்கோ" என்று பெயர். கிச்வா மொழியில் "வாசி" என்றால் வீடு, "புங்கு" என்றால் வாசல். அந்த வீட்டு வாசலுக்காக வாரத்தின் பெரும்பாலான நாட்கள் ஆண்கள் பண்ணையாரின் வயலில் உழைக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் பண்ணை வீட்டு வேலை செய்ய வேண்டும். ஈக்வடார் எழுத்தாளர் ஹோர்ஹே இக்காசா 1934-ல் எழுதிய நாவலுக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார்.

டிகுவாவுக்கு அடுத்துள்ள சும்பாவா பண்ணை நெடுங்காலம் அகஸ்டீனிய துறவியர் சபையின் சொத்தாக இருந்தது. 1908-ல் எலோய் அல்ஃபாரோவின் அரசு திருச்சபை நிலங்களை எடுத்துக்கொண்டபோது அது அரசிடம் போனது. முதலாளி மாறினார். உழைத்தவர்களின் நிலை மாறவில்லை.

1964-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. வாசிபுங்கோ முறை ஒழிக்கப்பட்டது. உழைத்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் எந்த நிலம்? பல இடங்களில் அடிவாரத்தின் வளமான மண் பழைய கைகளிலேயே தங்கிவிட, சரிவும் கரடும்தான் மக்களுக்கு வந்தன. அதுவும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தபோது துண்டு துண்டானது. ஆண்கள் கீட்டோவுக்கு மூட்டை தூக்கவும் கட்டட வேலைக்கும் போக ஆரம்பித்தார்கள். நிலம் கைக்கு வந்த பிறகும் அந்த நிலத்தில் பிழைக்க முடியவில்லை. டிகுவா ஓவியம் பிறந்தது இந்தச் சமயத்தில்தான்.

மேளத்திலிருந்து மரச்சட்டத்துக்கு

இந்த மலை ஊர்களில் திருவிழா மேளங்களின் தோலிலும் உடலிலும் வண்ணப் படங்கள் தீட்டுவது பழைய வழக்கம். குறிப்பாக கார்ப்பஸ் கிறிஸ்டி திருவிழாவில் தலையில் பெரிய அலங்காரம் சூடி ஆடும் நடனக்காரர்களுக்கு இந்த மேளம்தான் தாளம். கார்ப்பஸ் கிறிஸ்டி கத்தோலிக்கத் திருவிழா. ஆனால் ஜூன் மாதச் சூரியத் திருவிழாவையொட்டி வருவதால் இரண்டும் கலந்துவிட்டன.

1970-களின் தொடக்கத்தில் டிகுவாவைச் சேர்ந்த ஹூலியோ டோவாகிசா என்ற விவசாயியின் வண்ண மேளம் கீட்டோவில் ஓல்கா ஃபிஷ் என்ற பெண்மணியின் கண்ணில் பட்டது. ஓல்கா ஃபிஷ் ஹங்கேரியில் பிறந்த யூதர், ஓவியர். ஐரோப்பாவில் நாஜிகளின் கை ஓங்கிய காலத்தில் தப்பி, 1939-ல் ஈக்வடாருக்கு வந்து சேர்ந்தவர். நாட்டுப்புறக் கைவினைப் பொருட்களை யாரும் மதிக்காத காலத்திலேயே அவற்றைச் சேகரித்துக் கீட்டோவில் கடை நடத்தியவர்.

அவர் சொன்ன யோசனை மிக எளிமையானது. "மேளத்தில் வரைவதை ஏன் தட்டையான பரப்பில் வரையக்கூடாது?" என்பதுதான் அது. அதே ஆட்டுத்தோலை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினால் சுவரில் மாட்டும் ஓவியமாகிவிடும். வாங்குபவருக்கு எடுத்துச் செல்வதும் எளிது.

டோவாகிசா வரைந்தார். கடையில் வாங்கிய எனாமல் பெயிண்டும் கோழி இறகால் செய்த தூரிகையும்தான் கருவிகள். பிறகு தம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆல்ஃபிரெடோ, குஸ்தாவோ ஆகிய மகன்கள் பெயர்பெற்ற ஓவியர்களானார்கள். மகள் லூஸ்மிலா, இந்தக் கலையில் முதலில் தூரிகை எடுத்த பெண்களில் ஒருவர். உறவினர், பக்கத்து வீட்டார், அடுத்த ஊர் என்று பரவி, சில பத்தாண்டுகளில் பல குடும்பங்களின் தொழிலாகிவிட்டது.

தோலில் விரியும் உலகம்

டிகுவா ஓவியத்தை முதல்முறை பார்ப்பவருக்குத் தெரிவது நிறம்தான். பச்சை வயல், சிவப்புப் பொன்சோ, நீல வானம், எல்லாமே அடர்த்தி. உற்றுப் பார்த்தால் சிறு சிறு மனிதர்கள் நிறைந்திருப்பார்கள். ஒருவர் ஏர் உழுவார், ஒருத்தி நூல் நூற்பாள், பிள்ளைகள் ஆடு மேய்ப்பார்கள். ஓரத்தில் கல்யாண ஊர்வலம், மறுபுறம் மந்திரிக்கும் வைத்தியர். பின்னால் கோட்டோபாக்சி. அதற்குக் கண்ணும் மூக்கும் வாயும்கூட இருக்கும்! மலை அவர்களுக்கு உயிருள்ள ஆள்.

அடிக்கடி வரும் இன்னொரு காட்சி காண்டோர் கழுகின் காதல் கதை. பொன்சோ போர்த்திய இளைஞன் வேடத்தில் காண்டோர் வந்து ஆடு மேய்க்கும் பெண்ணை மயக்கித் தூக்கிச் செல்கிறது. கடைசியில் அவளும் காண்டோராகிவிடுகிறாள். சில ஓவியங்களில் அந்தக் கழுகு பச்சை நிற ஏரி ஒன்றின் மேல் பறக்கும்.

கதையும் திருவிழாவும் மட்டுமல்ல, அரசியலும் ஓவியத்துக்குள் வந்தது. 1990 ஜூனில் ஈக்வடார் முழுக்கப் பழங்குடி மக்கள் எழுந்தார்கள். சாலைகளை மறித்து, நிலம் கேட்டு, தங்கள் மொழிக்கும் பண்பாட்டுக்கும் மதிப்புக் கேட்டுப் போராடினார்கள். கோட்டோபாக்சி மாகாணம் அதில் முன்னணியில் இருந்தது. அதன்பின் கொடி பிடித்து நடக்கும் ஊர்வலங்களும் ஆட்டுத்தோலில் ஏறின. பண்ணை வீட்டில் சாட்டையடி பட்ட காலத்தையும் சிலர் வரைந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமையே 1979-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தில்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட நாட்டில், எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் வரலாற்றைப் படமாக எழுதி, கீழே தங்கள் பெயரையும் ஊரையும் கையெழுத்திட்டது சின்ன விஷயமல்ல.

பச்சை ஏரி

டிகுவாவிலிருந்து சும்பாவா வழியாக வண்டி மேலும் ஏறினால் கிலோட்டோவா. சாலையிலிருந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. விளிம்பில் போய் நின்றால்தான் ஓவியத்தில் பார்த்த அந்தப் பச்சை ஏரி திடீரென்று காலடியில் விரியும். சுமார் 3 கிலோமீட்டர் அகலமுள்ள எரிமலை வாய். அதற்குள் 240 மீட்டருக்கும் அதிக ஆழமான நீர். கரைந்திருக்கும் தாதுக்களால்தான் அந்த நிறம். அடியே இல்லாத ஏரி என்று ஊரார் சொல்வதுண்டு.

இந்தப் பள்ளம் உருவானது 13-ஆம் நூற்றாண்டின் பெருவெடிப்பில். பூமியின் பனிப்படலங்களில் 1258-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏராளமான எரிமலைக் கந்தகம் படிந்திருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், அதற்குக் காரணமாகச் சந்தேகித்த மலைகளில் கிலோட்டோவாவும் ஒன்று. இந்தோனேசியாவின் சமலாஸ் எரிமலைதான் காரணம் என்று 2013-ல் ஆய்வு வெளியானது. ஆனாலும் கிலோட்டோவாவின் வெடிப்பும் சாதாரணமல்ல. சுற்று வட்டாரமெங்கும் சாம்பலும் நுரைக்கல்லும் கனமாகப் படிந்தன. டிகுவா விவசாயி இன்றும் மண்வெட்டி போடுவது அந்த மண்ணில்தான்.

ஏரிக்கரைக்கு இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதைகள் உண்டு. கழுதை ஓட்டுவதும், விளிம்பில் தங்கும் விடுதிகள் நடத்துவதும் பெரும்பாலும் உள்ளூர்க் கிச்வா மக்களே. பண்ணையாருக்கு உழைத்த சமூகம், தன் மலையைத் தானே காட்டிச் சம்பாதிக்கிறது.

விற்பதற்காகப் பிறந்த கலை பொய்யா?

"இது உண்மையான பாரம்பரியமல்ல, வெளிநாட்டுக்காரருக்காக உண்டாக்கியது" என்று டிகுவா ஓவியத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆட்டைக் கொண்டுவந்தவர் ஸ்பானியர். திருவிழா ரோமிலிருந்து வந்தது. பெயிண்ட் தொழிற்சாலையில் செய்தது. யோசனை சொன்னவர் ஹங்கேரியப் பெண்மணி. வாங்குபவர் சுற்றுலாப் பயணி.

ஆனால் என்ன வரைவது என்று முடிவு செய்தவர்கள் யார்? சுற்றுலாப் பயணிக்குச் சாட்டையடிக் காட்சி தேவையில்லை. ஊர்வலமும் தேவையில்லை. அவற்றை வரைந்தது அவர்களுக்கே தேவைப்பட்டதால்தான். சந்தை கொடுத்தது சட்டத்தை. உள்ளே இருப்பதை மக்கள்தான் நிரப்பினார்கள்.

அதே சமயம், சந்தையை நம்பிய பிழைப்பின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எது விற்கிறதோ அதையே திரும்பத் திரும்ப வரையும் நிலை வந்தது. கிராமத்தில் விற்க வழியில்லாமல் பல குடும்பங்கள் கீட்டோவுக்கே குடிபெயர்ந்து எல் எஹீடோ பூங்காவில் ஓவியம் விற்றன. 2000-ல் நாட்டின் நாணயமான சூக்ரே ஒழிக்கப்பட்டது. 25,000 சூக்ரேக்கு 1 டாலர் என்ற கணக்கில் சேமிப்பெல்லாம் சுருங்கியது. 2020-ல் பெருந்தொற்று வந்தபோது வேன்களே வரவில்லை. 2024 ஜனவரியில் அரசு உள்நாட்டு ஆயுத மோதலை அறிவித்தபோது மறுபடியும் பயணிகள் தயங்கினார்கள். எங்கோ நடப்பதற்கு 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓவியர் விலை கொடுக்கிறார்.

ஆகவே டிகுவாவில் வண்டி நிற்கும் அரை மணி நேரம், இந்தப் பயணத்தில் மிக முக்கியமானது எனலாம். அங்கே வாங்கும் ஓவியத்துக்கும் நகரத்துக் கடையில் வாங்கும் ஓவியத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே இடைத்தரகர் இல்லை. வரைந்தவர் எதிரில் நின்று இது யார், இது எந்த மலை என்று விரல் வைத்துக் காட்டுவார். அந்த இடத்தில் சில டாலருக்காகப் பேரம் பேசுபவர், எதற்குப் பேரம் பேசுகிறோம் என்பதை ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

கிலோட்டோவா ஏரிக்கு வயது எழுநூற்றுச் சொச்சம். டிகுவா ஓவியத்துக்கு ஐம்பது சொச்சம். எந்தப் பாரம்பரியமும் ஏதோ ஒரு நாளில் ஒருவர் புதிதாகத் தொடங்கியதுதான். டிகுவாவில் மட்டும் அந்த நாள் நமக்குத் தெரிந்திருக்கும் அளவுக்கு அருகில் இருக்கிறது, அவ்வளவே!