எஞ்சியதற்கு ஓர் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் நன்கு கற்றோரும் அகராதியைப் புரட்டாமல் பொருள் கூறத் தயங்கும் சொற்களுள் ‘ஓர்ட்’ என்பது ஒன்று. கலையைக் குறிக்கும் ‘ஆர்ட்’ வேறு, இது வேறு. பெரும்பாலும் ‘ஓர்ட்ஸ்’ எனப் பன்மையில் வழங்கும் இச்சொல், உண்டபின் எஞ்சிக் கிடக்கும் துண்டு துணுக்குகளைக் குறிக்கும். இன்று குறுக்கெழுத்துப் போட்டிகளில் ஈடுபடுவோர்க்கே இது மிகவும் பழக்கமானது.

தொடக்கத்தில் இது மனிதர் இலையைச் சார்ந்த சொல்லாகத் தோன்றவில்லை. 1440ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தின் லின் துறைமுக நகரில் தொகுக்கப்பெற்ற ‘ப்ராம்ப்டோரியம் பார்வுலோரம்’ என்னும் ஆங்கில–இலத்தீன் அகராதி, கால்நடை தின்று விட்ட தீனி என்றே இதற்குப் பொருள் தருகிறது. பழைய டச்சிலும் வட ஜெர்மானிய வழக்கிலும் இதன் உறவுச் சொற்கள் உள. ‘நீங்கிய’ எனப் பொருள்படும் முன்னொட்டும் ‘உண்’ என்னும் வினையும் சேர்ந்து பிறந்தவை அவை. வட ஜெர்மானிய வணிகர் வந்து சென்ற துறைமுகம் லின் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளலாம். கால்நடைத் தீவன ஆய்வாளர் இன்றும் மாடு தின்னாது விட்டதை இப்பெயராலேயே குறித்து, நிறுத்து, இட்ட தீனியிற் கழித்து, உண்ட அளவைக் கணக்கிடுகின்றனர். பேச்சு வழக்குக் கைவிட்டதை மாட்டுக்கொட்டில் காத்தது!

இலக்கியத்தில் புகுந்தபின் இச்சொல்லில் இழிவு ஏறியது. 1594இல் வெளிவந்த லுக்ரீஸ் பற்றிய காவியத்தில், தன்னைக் கெடுத்தவன் பிச்சைக்காரனின் மிச்சத்திற்கும் ஏங்குக எனத் தலைவி சபிக்குமிடத்து ஷேக்ஸ்பியர் இதனை ஆள்கிறார். ஜார்ஜ் எலியட் 1861இல் எழுதிய ‘சைலஸ் மார்னர்’ புதினத்திலோ, செல்வர் விருந்தில் எஞ்சியவை ஏழையர்க்கு வழிவழி வரும் உரிமையாகி விடுகின்றன. அதிலுள்ள எள்ளல் கூரியது.

வெளிமாநிலங்களில் ஆங்கில நூல்களையே முதலிற் பயிலும் நம் பிள்ளைகள், “இதற்குத் தமிழில் என்ன?” என்று கேட்டால் யாது கூறுவோம்? ‘எச்சில்’ எனல் லுக்ரீஸின் சாபத்திற்குப் பொருந்தும். வாய்பட்ட தீட்டும் அவமதிப்பும் அதில் உண்டு. ‘மிச்சில்’ என்னும் அழகிய சொல் 85ஆம் குறளில் இருக்கிறது. ஆனால் அங்கே மிச்சிலை உண்பவன் விருந்தினரை முதலில் உண்பித்த வீட்டுக்காரன். எலியட்டின் ஊரில் உண்பவர் வாயிலில் நின்ற ஏழையர். ஆகவே எலியட்டுக்கு அதனைப் பெய்வது பொருந்தாது. அவ்விடத்து ‘மிச்சம்மீதி’ என்னும் வீட்டு வழக்கே போதும் என்பது நம் கருத்து.