பாற்பண்ணையும் பல்கலைக்கழகமும்: விஸ்கான்சின் மாநில வளர்ச்சி – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அமெரிக்காவின் பொருளாதார எழுச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்நாட்டின் இரு கடற்கரைகளையே நோக்குவர். கிழக்கே நியூயார்க்கும் பாஸ்டனும், மேற்கே சிலிக்கான் பள்ளத்தாக்கும் புதுமைக்கும் செல்வத்துக்கும் உறைவிடங்களாகக் காட்டப்பெறுகின்றன. இடைப்பட்ட உள்நாட்டுப் பகுதியோ வயல்களும் மூடப்பட்ட ஆலைகளும் நிறைந்த, அறிவுத்துறையில் பின்தங்கிய நிலப்பரப்பாகவே எண்ணப்படுகின்றது. இவ்வெண்ணம் வரலாற்றோடு எந்த அளவுக்குப் பொருந்துகின்றது என்பதை விஸ்கான்சின் மாநிலத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

மிச்சிகன் ஏரிக்கும் மிசிசிப்பி ஆற்றுக்கும் இடையே அமைந்த விஸ்கான்சின், 1848-இல் அமெரிக்க ஒன்றியத்தின் 30ஆவது மாநிலமாயிற்று. அதே ஆண்டில் தலைநகர் மேடிசனில் அதன் பல்கலைக்கழகமும் தோற்றம் பெற்றது. மாநிலமும் பல்கலைக்கழகமும் உடன்பிறந்தவை போல் வளர்ந்த இவ்வரலாறு ஒரு வினாவை நம்முன் வைக்கின்றது. ஒரு வட்டாரம் தனக்கு வேண்டிய வளர்ச்சியை வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்கிவிட இயலுமா, அன்றித் தன் மண்ணிலேயே அறிவை ஊன்றி வளர்த்துத்தான் பெற வேண்டுமா என்பதே அவ்வினா.

நிலமும் சட்டமும்

1862 ஜூலை 2ஆம் நாள் அதிபர் ஆபிரகாம் லிங்கன் மோரில் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் நிலம் அளிக்கப்பட்டது. அந்நிலத்தை விற்றுப் பெறும் பணத்தைக் கொண்டு வேளாண்மையும் பொறிநுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். இதன்வழி விஸ்கான்சினுக்கு 240,000 ஏக்கர் கிடைத்தது. அதுவரை செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்த உயர்கல்வி, உழவர் வீட்டு வாயிலுக்கு வர இச்சட்டம் வழிவகுத்தது.

ஆயினும் இக்கொடையின் மறுபக்கத்தை நாம் மறைத்தல் தகாது. வழங்கப்பட்ட நிலம் ஆளில்லா நிலமன்று. ஒப்பந்தங்களின் வாயிலாகவும் வன்முறையின் வாயிலாகவும் பழங்குடி மக்களிடமிருந்து பெறப்பட்டது. மேடிசன் வளாகமே ஹோ-சங்க் மக்கள் 1832ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் இழந்த நிலத்தில் அமைந்ததாகும். நாடு முழுமையிலும் மோரில் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஏக்கர் நிலம் சுமார் 250 பழங்குடிச் சமூகங்களுக்கு உரியதாக இருந்தது என்பதை 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று. அறிவுக்கான முதலீடு எவருடைய இழப்பிலிருந்து வந்தது என்பதும் வளர்ச்சி வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

கோதுமையிலிருந்து பாலுக்கு

1860-இல் கோதுமை விளைச்சலில் விஸ்கான்சின் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தது. ஆனால் ஆண்டுதோறும் ஒரே பயிரை விளைவித்ததால் மண் வளமிழந்தது, பூச்சிகள் பெருகின, மேற்கே புதிதாகத் திறக்கப்பட்ட நிலங்களின் மலிவான கோதுமை சந்தையை நிறைத்தது. உழவர்களுள் பலர் நிலத்தை விட்டு மேலும் மேற்கே பெயர்ந்தனர். எஞ்சியோர் மாற்றுத் தொழிலைத் தேட வேண்டியவராயினர்.

நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்டு என்னும் இதழாளர், பாற்பண்ணைத் தொழிலே வழி என்று இடைவிடாது எழுதினார். 1872-இல் விஸ்கான்சின் பாற்பண்ணையாளர் சங்கம் தோன்றுவதற்கு அவர் முன்னின்றார். பின்னர் 1889 முதல் 1891 வரை மாநில ஆளுநராகவும் விளங்கினார். எனினும் எழுத்தும் பேச்சும் மட்டும் ஒரு தொழிலை மாற்றிவிடா. கறவை வளர்ப்பிலும் தீவனச் சேமிப்பிலும் பால் பதப்படுத்தலிலும் உழவருக்குப் பயிற்சி தேவைப்பட்டது. 1880-களின் நடுப்பகுதியில் பல்கலைக்கழகம் குளிர்கால மாதங்களில் உழவர் இளைஞர்க்கெனக் குறுகிய காலப் பாடத்திட்டத்தைத் தொடங்கிற்று. வயலில் வேலை இல்லாத காலத்தில் வகுப்பு நடத்திய அவ்வேற்பாட்டின் நடைமுறை அறிவு பாராட்டத்தக்கது.

பாப்காக் சோதனை

அக்காலத்தில் வெண்ணெய் ஆலைகள் பாலை எடைபோட்டு வாங்கின. ஆதலால் நீர் கலந்தவரும் ஆடை எடுத்தவரும் நல்ல பால் கொடுத்தவரும் ஒரே விலையைப் பெற்றனர். நேர்மையாளர் நட்டமுற, ஏமாற்றுவோர் ஆதாயம் அடைந்தனர். இச்சிக்கலுக்கு 1890-இல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஸ்டீபன் பாப்காக் தீர்வு கண்டார். அளவிடப்பட்ட பாலுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பைத் தவிர ஏனைய திடப்பொருள்கள் கரைந்துவிடும். பின்னர்க் குப்பியை மையவிலக்குப் பொறியில் சுழற்றி வெந்நீர் ஊற்றினால் கொழுப்பு குப்பியின் குறுகிய கழுத்துக்கு உயரும். அங்குப் பொறிக்கப்பட்டுள்ள அளவுக்கோட்டைப் பார்த்துக் கொழுப்பின் விழுக்காட்டை எவரும் சொல்லிவிடலாம்.

எளிய இச்சோதனையின் விளைவுகள் ஆழமானவை. கொழுப்பின் அளவுக்கேற்ப விலை கொடுக்கும் முறை பரவியது. எந்தக் கறவை தீவனத்துக்குரிய பலனைத் தருகின்றது என்பதை உழவர் தாமே அறிந்து மந்தையைச் சீர்படுத்தினர். பாப்காக் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் பயன் பொதுமக்களுக்கே உரியது என்பது அவர் நிலைப்பாடு. 1915-ஐ ஒட்டி வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகிய இரண்டின் உற்பத்தியிலும் விஸ்கான்சின் நாட்டின் முதலிடத்தை எட்டியிருந்தது. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தில் ஆய்வுக்கூடத்தின் பங்கை நாம் தெளிவாகக் காண்கின்றோம்.

மாநில எல்லையே பல்கலைக்கழக எல்லை

1903-இல் பல்கலைக்கழகத் தலைவரான சார்ல்ஸ் வான் ஹைஸ், பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்றடைய வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தினார். இது பின்னர் ‘விஸ்கான்சின் கருத்து’ எனப் பெயர் பெற்றது. வயலோடு மட்டும் இது நிற்கவில்லை. பொருளியல் பேராசிரியர் ஜான் காமன்ஸும் அவர்தம் மாணவர்களும் தொழிலாளர் நலச் சட்டங்களை வரைவதில் துணைநின்றனர். 1932-இல் அமெரிக்காவிலேயே முதன்முதலாக வேலையற்றோர்க்கான இழப்பீட்டுச் சட்டத்தை விஸ்கான்சின் இயற்றியது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்குவதில் காமன்ஸின் மாணவரான எட்வின் விட்டி முதன்மைப் பங்காற்றினார்.

உறவு இருவழிப்பட்டது என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்று பகரும். 1933 பிப்ரவரியில் உழவர் ஒருவர் பனிப்புயலினூடே நெடுந்தூரம் வண்டியோட்டி மேடிசனுக்கு வந்தார். இறந்த கிடாரி ஒன்றையும், பாற்குவளை நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன குளோவர் வைக்கோலையும் உடன் கொணர்ந்திருந்தார். வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் அதன் காரணத்தை ஆராயத் தலைப்பட்டார். பல்லாண்டு உழைப்பின் பின்னர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் அவ்வைக்கோலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலிக்கொல்லியாகவும், 1954 முதல் மனிதர்க்குரிய மருந்தாகவும் பயன்பாட்டுக்கு வந்தது. தம் துன்பத்தைப் பல்கலைக்கழகத்திடம் கொண்டுசெல்லலாம் என்று ஓர் உழவர் நம்பியதே இக்கண்டுபிடிப்பின் தொடக்கம் என்பது எண்ணத்தக்கது.

ஆய்வின் வருவாய் ஆய்வுக்கே

உணவுப் பொருள்களைப் புற ஊதாக் கதிருக்கு உட்படுத்தினால் வைட்டமின் டி சத்து பெருகும் என்பதை 1920-களின் நடுவில் ஹாரி ஸ்டீன்பாக் நிறுவினார். குழந்தைகளின் எலும்பை வளைத்த ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்க இது பேருதவியாயிற்று. பாப்காக்கைப் போலன்றி இவர் காப்புரிமையை நாடினார். ஆனால் அதன் வருவாயைத் தாம் கொள்ளாமல் ஆய்வுக்கே திருப்ப விழைந்தார். இதற்கென 1925-இல் விஸ்கான்சின் பழைய மாணவர் ஆய்வு அறநிறுவனம் அமைக்கப்பட்டது. வார்ஃபரின் என்னும் பெயரின் முற்பகுதி இந்நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆனது.

இம்முறையிலும் குறையில்லாமல் இல்லை. வெண்ணெய்த் தொழிலைக் காக்கும் பொருட்டு மார்கரின் உற்பத்தியாளர்க்கு இக்காப்புரிமையைப் பயன்படுத்த நிறுவனம் இசைவளிக்கவில்லை. மார்கரின் ஏழை மக்களின் உணவு. அவர்தம் குழந்தைகளுக்கே அச்சத்து மிகுதியும் தேவைப்பட்டது. 1940-களில் நீதிமன்றம் இப்போக்கைக் கண்டித்ததோடு, காப்புரிமையும் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பொதுநலமும் வட்டார நலமும் எப்போதும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகின்றது.

வந்தோரும் சென்றோரும்

ஆய்வுக்கூடம் வளம் பெற்ற இடத்தை அறிஞர் நாடி வருதல் இயல்பு. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றபின், 1952-இல் மேடிசனுக்கு வந்து உருளைக்கிழங்கு மரபியலில் ஆய்வு செய்தார். அங்கேயே பேராசிரியப் பதவி அளிக்க முன்வந்தும் அதை ஏற்காது 1954-இல் தாயகம் திரும்பினார். இந்தியப் பசுமைப் புரட்சியில் அவருடைய பங்கு யாவரும் அறிந்ததே. ஹர் கோவிந்த் கொரானா 1960 முதல் 1970 வரை மேடிசனில் பணியாற்றினார். மரபுக் குறியீட்டைப் பற்றிய ஆய்வுக்காக 1968-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1970-இலோ கிழக்குக் கரையிலுள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெயர்ந்தார்.

ஒருவர் தம் நாட்டுக்குத் திரும்ப, மற்றொருவர் கடற்கரைக்குச் சென்றார். திறனாளரை ஈர்ப்பது ஒன்று, நிலைநிறுத்துவது வேறொன்று. எனினும் அறிவு மரபு அறுந்துவிடவில்லை. 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருமூலக் குருத்தணுக்களை முதன்முதலாகப் பிரித்து வளர்த்ததும் மேடிசனிலேயே. அப்பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்ற ஜூடி ஃபால்க்னர் 1979-இல் ஒரு நிலவறையில் தொடங்கிய மருத்துவப் பதிவு மென்பொருள் நிறுவனமான எபிக், இன்று அருகிலுள்ள வெரோனாவில் 10,000-க்கும் மேற்பட்டோர்க்கு வேலை தருகின்றது.

விலைக்கு வாங்க முயன்ற வளர்ச்சி

மாநிலத்தின் பிற பகுதிகள் இத்தகு நற்பேறு பெறவில்லை. ஜேன்ஸ்வில் நகரின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2008 டிசம்பரில் வாகன உற்பத்தி நின்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்வாதாரம் இழந்தன. இச்சூழலில் 2017-இல் தைவானின் ஃபாக்ஸ்கான் நிறுவனம் மவுண்ட் பிளெசன்ட் என்னும் ஊரில் 1,000 கோடி டாலர் முதலீட்டில் திரை உற்பத்தி ஆலை அமைத்து 13,000 பேருக்கு வேலை தருவதாக அறிவித்தது. மாநில அரசு ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகை அளிக்க உடன்பட்டது. ஆலைக்கென நிலம் கையகப்படுத்தப்பட்டது, வீடுகள் இடிக்கப்பட்டன. 2021-இல் திருத்தப்பட்ட ஒப்பந்தத்தில் முதலீடு 67.2 கோடி டாலராகவும் வேலைவாய்ப்பு 1,454 ஆகவும் சுருங்கின. சலுகையும் 8 கோடி டாலராகக் குறைக்கப்பட்டது.

இதே காலப்பகுதியை ஒட்டிய மற்றொரு நிகழ்வையும் நாம் உடன்வைத்துக் காண வேண்டும். 2015-இல் மாநில ஆளுநரின் வரவு செலவுத் திட்டம் பல்கலைக்கழக அமைப்புக்கான நிதியில் இரண்டு ஆண்டுகளுக்கு 30 கோடி டாலரைக் குறைக்க முன்மொழிந்தது. ‘விஸ்கான்சின் கருத்’தைச் சுட்டும் சொற்களையும் பல்கலைக்கழகச் சட்டத்திலிருந்து நீக்க முற்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்பால் சொற்கள் காக்கப்பட்டன. நிதியோ இறுதியில் 25 கோடி டாலர் குறைக்கப்பட்டது. நூற்றாண்டுக்கு மேலாகப் பயன் தந்த வேருக்கு நீரைக் குறைத்த அதே அரசு, ஈராண்டு கழித்து வெளியிலிருந்து வரும் ஆலைக்கு வாரி வழங்க முன்வந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் பகுதி அறிவில் வறண்ட நிலமன்று. பாலின் கொழுப்பை அளப்பது முதல் குருத்தணு வளர்ப்பது வரை அங்கே தொடர்ச்சியான ஒரு மரபு உண்டு. அம்மரபு தானே தோன்றியதன்று. சட்டம், பொதுநிதி, பொறுமை, மக்களின் சிக்கலைத் தம் சிக்கலாகக் கருதிய ஆசிரியர்கள் ஆகிய நான்கும் கூடியதால் உருவாயிற்று. அதன் பயன் எல்லாருக்கும் ஒப்ப அமையவில்லை என்பதையும், நிலமிழந்த பழங்குடியினரும் வேலையிழந்த ஆலைத் தொழிலாளரும் அதன் விளிம்பிலேயே நின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் வளர்ச்சியை நாடும் எந்த வட்டாரத்துக்கும் விஸ்கான்சின் தரும் பாடம் ஒன்றே. ஆலையை அழைத்து வரலாம். அது வந்த வழியே திரும்பவும் கூடும். மண்ணின் தேவையிலிருந்து முளைத்த அறிவோ, அறிஞர் சிலர் வெளியேறிய பின்னும் அங்கேயே வேர்கொண்டு நிற்கும்.